கண்டெய்னருக்கு வரப்பு கட்டுவது

கன்னடியன் கால்வாயில் தண்ணீர் விட்டதும் தலைமடைக்காரர் தன் மடையை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று சேரன்மகாதேவி, பத்தமடைப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடைமடையில் நாற்று காயும். இதற்குத் தலைமடைக்காரர் கெட்டவராக இருக்க வேண்டும் என்பதில்லை. மடை திறந்திருந்தது, தண்ணீர் பாய்ந்தது, அவ்வளவுதான். ஒரே லினக்ஸ் கணினியில் நான்கைந்து கண்டெய்னர்களை (ஒரு மென்பொருளைத் தனியாக அடைத்து ஓட்டும் ஏற்பாடு) அப்படியே ஓடவிட்டாலும் இதே கதைதான். கண்டெய்னர்களை ஓட்டும் மென்பொருளான டாக்கரில் ஒன்றைச் சாதாரணமாகத் தொடங்கினால் அதற்கு மெமரி வரம்பும் கிடையாது, சிபியூ வரம்பும் கிடையாது. கணினியில் இருப்பதை எல்லாம் கேட்கலாம். கேட்டால் கிடைக்கும்.

பத்தமடையில் கோரைப்பாய் விற்கும் ஒரு கடை இணையத்தில் ஆர்டர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடையின் பின்னறையில் 8 ஜிபி மெமரியும் 4 கோரும் உள்ள ஒரு கணினி. அதில் மூன்று கண்டெய்னர்கள்: ஒன்று வலைத்தளம், ஒன்று மரியாடிபி டேட்டாபேஸ், மூன்றாவது பாய்களின் படங்களைச் சிறிதாக்கிக் கொடுக்கும் வேலை. கல்யாண சீசனில் பட்டுப்பாய்ப் படங்கள் நாற்பதை யாரோ ஒரே மூச்சில் ஏற்றுகிறார்கள். படக் கண்டெய்னர் எல்லாவற்றையும் ஒன்றாக விரித்து மெமரியைத் தின்கிறது. மெமரி தீர்ந்ததும் லினக்ஸின் மையமான கெர்னல் யாரையாவது கொன்று இடம் பிடிக்கப் பார்க்கும். பெரும்பாலும் அந்த நேரத்தில் அதிக மெமரி வைத்திருக்கும் புராசஸைத்தான், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரலைத்தான், தேர்ந்தெடுக்கும். அது டேட்டாபேஸாக இருந்தால் டேட்டாபேஸ் போகும். தப்பு செய்தது ஒருவர், தண்டனை வேறொருவருக்கு.

வயலுக்கு வரப்பு மாதிரி கண்டெய்னருக்கு வரம்பு. தமிழில் இரண்டும் ஒரே சொல்தானே.

படிக்கும் முன் ஒன்று: இங்கே கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் தமிழ் எழுத்தில் இருக்கின்றன. கணினியில் அடிக்கும்போது அவற்றை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். குறிகளும் எண்களும் அப்படியே.

கெர்னலுக்குக் கண்டெய்னர் என்றால் என்ன

உண்மையில் லினக்ஸ் கெர்னலுக்குள் 'கண்டெய்னர்' என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. இருப்பவை சாதாரணப் புராசஸ்கள்தான். அவை எதைப் பார்க்கலாம் என்பதை நேம்ஸ்பேஸ் என்ற ஏற்பாடு தீர்மானிக்கிறது. எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்பதை சிகுரூப் தீர்மானிக்கிறது. கன்ட்ரோல் குரூப் என்பதன் சுருக்கம் அது. கூகுளில் பால் மெனேஜ், ரோஹித் சேத் என்ற பொறியாளர்கள் 2006-ல் தொடங்கிய வேலை. முதலில் புராசஸ் கண்டெய்னர் என்றுதான் பெயர். குழப்பம் வருகிறது என்று 2007-ல் பெயரை மாற்றினார்கள். 2008 ஜனவரியில் வெளியான 2.6.24 கெர்னலில் சேர்ந்தது. டாக்கர் வந்தது 2013-ல். அதாவது வரப்பு முதலில் வந்தது, வயல் பின்னால் வந்தது.

இப்போது புழக்கத்தில் இருப்பது இதன் இரண்டாம் பதிப்பு. அது 2016-ல் 4.5 கெர்னலோடு வந்தது. டெபியன் 11, உபுண்டு 21.10 முதல் தானாகவே அதுதான் இயங்குகிறது. உங்கள் கணினியில் எது என்று பார்க்க:

ஸ்டாட் -எஃப்சி %டி /சிஸ்/எஃப்எஸ்/சிகுரூப்

இதில் டி மட்டும் பெரிய எழுத்து. 'சிகுரூப்2எஃப்எஸ்' என்று வந்தால் இரண்டாம் பதிப்பு. 'டெம்ப்எஃப்எஸ்' என்று வந்தால் பழையது. கீழே சொல்வதெல்லாம் இரண்டாம் பதிப்புக்கு.

டாக்கர் இல்லாமலே ஒரு வரப்பு

கையால் ஒரு முறை செய்து பார்த்துவிட்டால் பிறகு டாக்கர் சொல்வதெல்லாம் தானாகப் புரியும். சூடோ -ஐ என்று அடித்து ரூட்டாக (எல்லா உரிமையும் உள்ள பயனர்) மாறிக்கொண்டு, இந்த ஐந்து வரிகள்:

எம்கேடிஐஆர் /சிஸ்/எஃப்எஸ்/சிகுரூப்/பாய்
எக்கோ 100எம் > /சிஸ்/எஃப்எஸ்/சிகுரூப்/பாய்/மெமரி.மேக்ஸ்
எக்கோ 0 > /சிஸ்/எஃப்எஸ்/சிகுரூப்/பாய்/மெமரி.ஸ்வாப்.மேக்ஸ்
எக்கோ $$ > /சிஸ்/எஃப்எஸ்/சிகுரூப்/பாய்/சிகுரூப்.ப்ராக்ஸ்
டெய்ல் /டெவ்/சீரோ

முதல் வரி ஒரு டைரக்டரி உண்டாக்குகிறது. அதற்குள் கெர்னல் தானாகவே நிறைய கோப்புகளை வைத்துவிடும். இரண்டாம் வரி மெமரி உச்சத்தை 100 எம்பி என்று எழுதுகிறது, மூன்றாவது ஸ்வாப்புக்கு (மெமரி போதாதபோது வட்டில் எடுக்கும் இடம்) போகும் வழியை அடைக்கிறது. நான்காவது இப்போது நீங்கள் தட்டிக்கொண்டிருக்கும் ஷெல்லையே அந்தக் குழுவில் சேர்க்கிறது. ஷெல்லிலிருந்து பிறக்கும் எல்லாமும் அதோடு சேர்ந்துகொள்ளும். ஐந்தாவது வேண்டுமென்றே வைத்த வம்பு: டெய்ல் கட்டளை கடைசி வரிகளைத் தேடும், /டெவ்/சீரோவுக்கோ வரி முடிவே கிடையாது, ஆகவே மெமரியில் சேர்த்துக்கொண்டே போகும். 100 எம்பி தொட்டதும் 'கில்டு' என்று ஒரு சொல் திரையில் விழும். கணினியின் மற்ற பகுதிக்கு ஒன்றும் ஆகாது.

அந்த ஐந்தாவது வரியை வரம்பு போடாத இன்னொரு ஜன்னலில் அடித்துவிடாதீர்கள். அங்கே தடுக்க வரப்பு இல்லை.

மெமரி.மேக்ஸ் கோப்பே இல்லை என்று சொன்னால், மேல் டைரக்டரியில் சிகுரூப்.சப்ட்ரீ_கன்ட்ரோல் என்ற கோப்பில் +மெமரி என்று எழுதுங்கள், வந்துவிடும். முடிந்த பிறகு எக்ஸிட் அடித்து வெளியே வந்து, சூடோ ஆர்எம்டிஐஆர் என்று அந்த டைரக்டரியை நீக்கலாம். ஆர்எம் -ஆர் வேலைக்கு ஆகாது; உள்ளே இருக்கும் கோப்புகள் கெர்னலின் உடைமை, அழிக்க விடாது.

டாக்கர் செய்வது இதே வேலைதான். சிஸ்டம்டி உள்ள கணினியில் /சிஸ்/எஃப்எஸ்/சிகுரூப்/சிஸ்டம்.ஸ்லைஸ் என்பதற்குள் டாக்கர் என்று தொடங்கி ஸ்கோப் என்று முடியும் நீளப் பெயர்களில் டைரக்டரிகள் கிடக்கும். ஒவ்வொன்றும் ஒரு கண்டெய்னர். கேட் கட்டளை போட்டு உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படித்தே பார்க்கலாம்.

சிபியூ ஓடுகிற தண்ணீர்

சிபியூவும் மெமரியும் ஒரே மாதிரி இல்லை. இது பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது. சிபியூ என்பது முறைத் தண்ணீர் மாதிரி. உங்கள் முறை முடிந்தால் மடையை அடைப்பார்கள், அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும். பயிர் மெதுவாக வளரும், சாகாது. மெமரி குளம் மாதிரி. கொள்ளளவு தாண்டினால் கரை உடையும்.

சிபியூவுக்கு வரம்பு போட இரண்டு வழி. முதல் வழி அளந்து கொடுப்பது. டாக்கர் ரன் கட்டளையில் --சிபியூஸ்=0.5 என்று கொடுத்தால், கண்டெய்னரின் சிபியூ.மேக்ஸ் கோப்பில் '50000 100000' என்று எழுதப்படும். மைக்ரோசெகண்ட் கணக்கு: ஒவ்வொரு 100 மில்லிசெகண்டிலும் மொத்தம் 50 மில்லிசெகண்ட் சிபியூ நேரம்.

'மொத்தம்' என்பதில்தான் சிக்கல். படக் கண்டெய்னர் நான்கு த்ரெட்களை (ஒரே நிரலின் இணை வேலைகள்) நான்கு கோர்களில் ஒரே நேரத்தில் ஓட்டுகிறது என்றால், அந்த 50 மில்லிசெகண்டும் 12.5 மில்லிசெகண்டில் தீர்ந்துவிடும். மீதி 87.5 மில்லிசெகண்ட் நான்கும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். படம் சுருக்கும் வேலைக்கு இது பரவாயில்லை. ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டு வாடிக்கையாளர் காத்திருக்கும் வலைத்தளத்துக்கு இப்படி நடந்தால், 'சிபியூ சும்மாதானே இருக்கிறது, தளம் ஏன் திக்கித் திக்கி வருகிறது' என்று மண்டையை உடைத்துக்கொள்வீர்கள். பார்க்க வேண்டிய இடம் சிபியூ.ஸ்டாட் என்ற கோப்பு. அதில் என்ஆர்_த்ராட்டில்டு என்ற எண் ஏறிக்கொண்டே போனால் வரம்புதான் காரணம்.

இரண்டாவது வழி எடை போடுவது: --சிபியூ-ஷேர்ஸ்=256. சொல்லாமல் விட்டால் 1024. படத்துக்கு 256 கொடுத்து மற்றதை அப்படியே விட்டால், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிபியூவுக்கு அடித்துக்கொள்ளும்போது வலைத்தளத்துக்குப் பல மடங்கு கூடுதலாகக் கிடைக்கும். போட்டி இல்லாதபோது படமே முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம். யாருக்கும் வேண்டாத தண்ணீர் வீணாகக் கடலுக்குப் போகாது. ஒரே ஆள் ஆளும் கணினியில், எடை போடுவதே போதும் என்பதே எங்கள் கருத்து. அளவு வரம்பு, ஒரே கணினியைப் பலருக்கு வாடகைக்கு விடும்போது அவசியம்.

மூன்றாவதாக --சிபியூசெட்-சிபியூஸ்=0,1 என்று குறிப்பிட்ட கோர்களிலேயே கட்டிப்போடவும் முடியும். சின்னக் கணினியில் தேவைப்படாது.

மெமரி: தாண்டினால் சாவு

டாக்கர் ரன் -எம் 512எம் என்று கொடுத்தால் 512 எம்பி வரம்பு. குறைந்தபட்சம் 6 எம்பி கொடுக்க வேண்டும். மெமரி.மேக்ஸ் கோப்பைத் திறந்தால் 536870912 என்று பைட் கணக்கில் நிற்கும்.

புதிதாகச் செய்பவர்கள் வழுக்கி விழும் இடம் ஸ்வாப். கணினியில் ஸ்வாப் இருந்து, நீங்கள் -எம் மட்டும் கொடுத்திருந்தால், டாக்கர் அதே அளவு ஸ்வாப்பையும் சேர்த்துக் கொடுக்கும். 512 என்று நினைத்தது மொத்தத்தில் 1024 ஆகிவிடும். கண்டெய்னர் சாகாமல் வட்டில் உழன்றுகொண்டிருக்கும், வட்டு மெதுவானால் கணினியே தள்ளாடும். --மெமரி-ஸ்வாப் என்ற விருப்பத்தின் பெயரும் ஏமாற்றும். அது ஸ்வாப் அளவு இல்லை, மெமரியும் ஸ்வாப்பும் சேர்ந்த மொத்தம். இரண்டுக்கும் ஒரே எண் கொடுத்தால் ஸ்வாப் கிடையாது என்று பொருள்:

டாக்கர் ரன் -எம் 512எம் --மெமரி-ஸ்வாப்=512எம்

வரம்பைத் தொட்டவுடன் கெர்னல் கொன்றுவிடாது. கண்டெய்னர் படித்த கோப்புகளின் கேஷும் (மறுபடி படிக்க மெமரியில் வைத்த நகல்) அதன் கணக்கில்தான் சேர்கிறது. முதலில் அதைக் காலி செய்து பார்க்கும். அதனால் மெமரி.கரண்ட் எண் வரம்புக்குப் பக்கத்தில் நிற்பதைக் கண்டு பதற வேண்டாம். கேஷை விட்ட பிறகும் போதவில்லை என்றால்தான் கொலை. அப்போதும் அந்தக் கண்டெய்னருக்குள்ளேயேதான் ஆள் தேடும். பக்கத்து வயலில் கை வைக்காது. வரப்பு கட்டுவதே இதற்குத்தான்.

செத்த கண்டெய்னர் 137 என்ற எண்ணோடு வெளியேறும். 128-ஓடு சிக்னல் எண் 9-ஐக் கூட்டினால் 137. ஆனால் 137 என்றாலே மெமரி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். டாக்கர் ஸ்டாப் கொடுத்து 10 விநாடியில் நிற்காவிட்டால் டாக்கரே அதே சிக்னலை அனுப்பும், அதே எண் வரும். டாக்கர் இன்ஸ்பெக்ட் வெளியீட்டில் ஓஓஎம்கில்டு என்ற இடத்தில் ட்ரூ இருக்கிறதா என்று பாருங்கள். டிமெசேஜ் (டி-எம்-இ-எஸ்-ஜி) பதிவில் 'மெமரி சிகுரூப் அவுட் ஆஃப் மெமரி' என்ற வரியும் கிடைக்கும்.

இன்னொரு வகை கள்ளத்தனமானது. கண்டெய்னருக்குள் பல வொர்க்கர்கள் (வேலையைப் பங்கிட்டுச் செய்யும் துணைப் புராசஸ்கள்) இருந்தால் கெர்னல் ஒரு வொர்க்கரை மட்டும் கொல்லலாம். தாய் புராசஸ் புதிதாக ஒன்றைப் பிறப்பித்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் நலம். வாடிக்கையாளருக்கு மட்டும் அவ்வப்போது பக்கம் பாதியில் அறுந்துபோகும். மெமரி.ஈவென்ட்ஸ் கோப்பில் ஓஓஎம்_கில் என்ற எண் பூஜ்யத்தில் இல்லையென்றால் திருடன் அங்கேதான் இருக்கிறான். ரீஸ்டார்ட் விதி போட்ட கண்டெய்னரும் இப்படித்தான் செத்துச் செத்து எழுந்துகொண்டிருக்கும், யாருக்கும் தெரியாமல்.

உள்ளே இருப்பவருக்கு வரப்பு தெரியாது

512 எம்பி வரம்பு போட்ட கண்டெய்னருக்குள் போய் ஃப்ரீ என்று அடித்துப் பாருங்கள். கணினியின் மொத்த மெமரியையும் காட்டும். /ப்ராக்/மெம்இன்ஃபோ சிகுரூப்பைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. --சிபியூஸ் கொடுத்த கண்டெய்னருக்குள் என்ப்ராக் (கோர் எண்ணிக்கை சொல்லும் கட்டளை) அடித்தாலும் பெரும்பாலும் 4 என்றே வரும்.

இதனால்தான் நிறைய மென்பொருள்கள் தப்புக் கணக்கு போடுகின்றன. பைத்தானில் கோர் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி ஒன்று கூட்டி வொர்க்கர் வைப்பது பலரின் வழக்கம். 4 கோர் கணினியில் 9 வொர்க்கர் கிளம்பும், நீங்கள் ஒரு கோர் அளவுதான் கொடுத்திருந்தாலும். ஒவ்வொன்றும் 80 எம்பி எடுத்தால் 720 எம்பி. 512 வரம்பு முதல் நிமிடத்திலேயே உடையும். வொர்க்கர் எண்ணிக்கையை நீங்களே 2 அல்லது 3 என்று எழுதிவிடுங்கள்.

ஜாவா திருந்திவிட்டது. 8-இல் 191-ஆவது அப்டேட்டும் ஜாவா 10-உம் வந்ததிலிருந்து வரம்பைத் தானே படிக்கிறது. ஆனால் சிகுரூப் இரண்டாம் பதிப்பைப் புரிந்துகொள்ள 11.0.16 அல்லது 8-இல் 372-ஆவது அப்டேட் வேண்டும். படித்தாலும் ஹீப்புக்கு (நிரலின் தரவு தங்கும் மெமரி) வரம்பில் கால் பங்குதான் எடுக்கும். மேக்ஸ்ரேம்பெர்சென்டேஜ் விருப்பத்தில் கூட்டிக்கொள்ளலாம். முழுவதையும் ஹீப்புக்கே கொடுத்துவிடாதீர்கள், த்ரெட்களுக்கும் மற்றதற்கும் மெமரி வேண்டும்.

பாய்க்கடைக்கு எண் போடுவோம்

முதலில் வரம்பில்லாமல் இரண்டு மூன்று நாள், அதில் ஒரு நாளாவது கடையில் நெரிசல் உள்ள நாளாக, ஓடவிட்டு டாக்கர் ஸ்டாட்ஸ் கட்டளையில் கவனியுங்கள். கெர்னல் 5.19 அல்லது அதற்குப் பிந்தையதானால் மெமரி.பீக் கோப்பு, தொட்ட உச்சத்தை நினைவில் வைத்திருக்கும். உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

படக் கண்டெய்னரைக் காகிதத்திலேயே கணக்கிடலாம். 6000 × 4000 புள்ளிப் படம் கோப்பாக 8 எம்பி இருக்கலாம். விரித்தால் 2.4 கோடிப் புள்ளிகள். புள்ளிக்கு மூன்று பைட் என்றாலும் 72 எம்பி. நான்கு நிறப்பட்டை, ஒவ்வொன்றும் 16 பிட் என்று வைக்கும் மென்பொருளானால் 192 எம்பி. ஒரே நேரத்தில் நான்கு படம் என்றால் 768 எம்பி. சிறிதாக்கிய படத்துக்கும் மற்றதற்கும் சேர்த்து இரு மடங்காக 1536 எம்பி கொடுத்து, நான்குக்கு மேல் ஒன்றாக எடுக்காதே என்று நிரலிலும் சொல்லிவிடுங்கள். வரம்பு மட்டும் போட்டு நாற்பதையும் திறக்கவிட்டால் கண்டெய்னர் செத்துச் செத்துப் பிழைக்கும், படம் ஒன்றும் வெளியே வராது.

டேட்டாபேஸுக்கு 2 ஜிபி, அதில் தரவை மெமரியில் வைத்திருக்கும் இன்னோடிபி பஃபர் பூலுக்கு 1 ஜிபி. சொல்லாவிட்டால் பூல் 128 எம்பிதான் எடுக்கும். வலைத்தளத்துக்கு 768 எம்பி. கூட்டினால் 4.25 ஜிபி. மீதி ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் கோப்பு கேஷுக்கும். எட்டு ஜிபி முழுவதையும் பங்கு போட்டுவிட்டால் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே நுழையக்கூட இடமிருக்காது. டேட்டாபேஸில் கஞ்சத்தனம் வேண்டாம்: அது கொல்லப்பட்டால் மறுபடி எழும்போது தன் பதிவுகளைச் சரிபார்த்து மீட்டுக்கொண்டுதான் கதவைத் திறக்கும், அதுவரை கடை மூடியிருக்கும்.

ஓடிக்கொண்டிருக்கும் கண்டெய்னரை நிறுத்தாமலே மாற்ற டாக்கர் அப்டேட் இருக்கிறது. மெமரியைக் கூட்டும்போது ஸ்வாப் மொத்தத்தையும் அதே வரியில் கூட்டுங்கள், இல்லாவிட்டால் பிழை காட்டி மறுக்கும். இது நிரந்தரம் இல்லை. கண்டெய்னர்களின் அமைப்பை எழுதிவைக்கும் கம்போஸ் கோப்பிலிருந்து கண்டெய்னரை மறுபடி உண்டாக்கினால் பழைய எண்ணுக்கே திரும்பும். ஆகவே கம்போஸ் கோப்பில் மெம்_லிமிட், மெம்ஸ்வாப்_லிமிட், சிபியூ_ஷேர்ஸ், பிட்ஸ்_லிமிட் என்று எழுதி வையுங்கள்.

அந்தக் கடைசி வரி புராசஸ் எண்ணிக்கைக்கு. டாக்கர் தானாக இதற்கு வரம்பு வைப்பதில்லை. ஒரு புராசஸ் தன்னையே இரண்டிரண்டாகப் பிறப்பித்துக்கொண்டே போனால் மெமரி தீரும் முன்பே கணினி உறைந்துவிடும். 200 என்று வைத்தால் பெரும்பாலான சிறு வேலைகளுக்குப் போதும். த்ரெட்களும் இந்தக் கணக்கில் சேரும் என்பதால் ஜாவாவுக்குக் கூட்டிக் கொடுக்க வேண்டும். 'ரிசோர்ஸ் டெம்பரரிலி அன்அவெய்லபிள்' என்ற பிழை வந்தால் முதலில் இந்த எண்ணைச் சந்தேகப்படுங்கள்.

வட்டில் எழுதும் வேகத்துக்கும் வரம்பு உண்டு: --டிவைஸ்-ரைட்-பிபிஎஸ் /டெவ்/எஸ்டிஏ:20எம்பி. பகுதியின் பெயர் இல்லாமல் முழு வட்டின் பெயரைக் கொடுக்க வேண்டும். ஆனால் வட்டில் எவ்வளவு இடம் என்பதற்கு சிகுரூப்பில் வரம்பே இல்லை. வட்டு நிரம்பினால் மூன்றும் ஒன்றாகப் படுக்கும், மேலே போட்ட எண்கள் ஒன்றும் காப்பாற்றாது. சாதாரணமாக நிரப்புவது லாக் கோப்புதான். டாக்கரின் வழக்கமான ஜேசன் லாக் எல்லையின்றி வளரும். டீமன்.ஜேசன் கோப்பில் லாக் விருப்பங்களில் மேக்ஸ்-சைஸ் 10எம், மேக்ஸ்-ஃபைல் 3 என்று போட்டு டாக்கரை மறுபடி தொடங்குங்கள். பழைய கண்டெய்னர்களுக்கு இது ஒட்டாது, அவற்றை நீக்கிவிட்டுப் புதிதாக உண்டாக்க வேண்டும்.

ராஸ்பெர்ரி பையில் இதையெல்லாம் செய்து பார்ப்பவர்களுக்கு மட்டும்: அங்கே மெமரி சிகுரூப் வழக்கமாக அணைந்தே இருக்கும். நீங்கள் கொடுத்த -எம் எண்ணை டாக்கர் ஒரு எச்சரிக்கை வரியோடு விட்டுவிடும். டாக்கர் இன்ஃபோ கட்டளையின் கடைசியில் 'நோ மெமரி லிமிட் சப்போர்ட்' என்று இருந்தால், சிஎம்டிலைன்.டிஎக்ஸ்டி கோப்பின் ஒரே வரியின் முடிவில், அடுத்த வரிக்குப் போகாமல், சிகுரூப்_எனேபிள்=மெமரி என்று சேர்த்து ரீபூட் செய்யுங்கள்.